பாதுகாப்பு, வெளியுறவு ஆய்வுகள்: புதுச்சேரியிலிருந்து தேட எது தேறும்?

காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழக மாணவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மத்திய அரசின் ஆய்விதழ்ச் சந்தாத் திட்டமான ‘ஒரே நாடு ஒரே சந்தா’தான். 2025 ஜனவரி 1 முதல் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் இரண்டும் அதில் உண்டு. தனியார் கல்லூரிகளை முதல் கட்டத்தில் சேர்க்காதது பெரிய குறை.

சந்தா இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். அமெரிக்காவின் ராண்ட், டெல்லியின் ஓ.ஆர்.எஃப். போன்ற கொள்கை ஆய்வு நிறுவனங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் இலவச பி.டி.எஃப்.தான். அவற்றின் தளத்துக்குள்ளேயே தேடுவதைவிட, கூகுளில் ‘சைட்’ (site:) கட்டளையோடு தள முகவரியைச் சேர்த்து, ‘டூல்ஸ்’ பகுதியில் கடந்த ஓராண்டு என்று வடிகட்டினால் சட்டென்று சிக்கும். கிடைத்தது ஆய்வறிக்கையா, இரண்டு பக்கக் கருத்துக் கட்டுரையா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே பட்டியலில் கலந்துதான் வரும்.

எண்கள் வேண்டுமா? ஸ்டாக்ஹோமில் உள்ள அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியை மிஞ்ச ஆளில்லை. ஆயுத வர்த்தகத் தரவு மார்ச்சில், ராணுவச் செலவு ஏப்ரலில் வரும். பலர் சறுக்குவது ஆயுத வர்த்தகத்துக்கு சிப்ரி பயன்படுத்தும் ‘டி.ஐ.வி.’ (TIV) அளவில். அது ஆயுதங்களின் ராணுவத் திறனை வைத்துப் போட்ட அளவு, கொடுத்த விலை அல்ல. அதை டாலர் என்று எழுதினால் தேர்வாளர் அங்கேயே நிறுத்திவிடுவார். ஓராண்டு எண்ணையும் தனியாக எடுக்காதீர்கள். பெரிய விநியோகம் ஒன்று வந்தாலே கோடு துள்ளும். சிப்ரியே ஐந்தாண்டு கட்டங்களாகத்தான் ஒப்பிடுகிறது.

காரைக்கால் மீனவர் கைதுபோன்ற நம்ம ஊர் விஷயத்துக்கு, வெளிநாட்டு நிறுவனங்களைவிட நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழு அறிக்கைகளும் அமைச்சகத்தின் கேள்வி-பதில்களுமே கைகொடுக்கும். தேடும்போது கச்சத்தீவின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள்.