கரடியனாற்றுப் பக்கம் பழைய மெசினுக்கு வயது பார்த்துத் தரும் கராஜ்

எங்கள் அப்பப்பாவின் மெஸி பெர்குசன் 35 டிராக்டரை (எங்கள் ஊரில் மெசின் என்போம்) திருத்தி எடுக்க வேண்டும் என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். போன சிறுபோக அறுவடை முடிந்த கையோடு லொறியில் ஏற்றி, ஆயித்தியமலை வழியாகக் கொண்டுபோய் ஒரு கராஜில் இறக்கினோம். அந்தக் கராஜைப் பற்றித்தான் இது. மட்டக்களப்புச் செங்கலடியில் இருந்து வருகிறவர்கள் கறுத்தப்பாலம் தாண்டிப் பதுளை வீதியில் நேரே வந்தால் கரடியனாற்றுக்குக் கொஞ்சம் முதல் ஒரு நீளமான தகரக் கொட்டில் இருக்கும். பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் நீலப் பெயின்ட் உரிந்த ஃபோர்ட் 3000 ஒன்று நிற்கும், அதுதான் அடையாளம்.

இதற்கு முதல் வேறொரு கராஜில் மெசினை விட்டிருந்தோம். அங்கே பார்த்த உடனேயே "இது 76ஆம் ஆண்டு 135" (35க்குப் பிறகு வந்த மொடல்) என்று சொல்லிவிட்டார்கள். வட்ட முகப் பொனட் யாரோ பிறகு மாட்டியதாம், 135இன் சதுர முகப் பொனட் ஒன்று வாங்கித் தந்தால் அழகாக்கித் தருவார்களாம். மாமா வேண்டாம் என்று நின்றபடியால் பொனட் தப்பியது. ஆனால் அதற்கிடையில் கறள் எடுக்கிறோம் என்று கிரைண்டரைப் பிடித்து, கியர் பெட்டியின் பக்கவாட்டில் வார்ப்பில் புடைத்து நின்ற எழுத்தையும் இலக்கத்தையும் வழவழவென்று அரைத்துவிட்டார்கள். அது என்ன தேதியாக இருந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

கரடியனாற்றுப் பாஸ் (அறுபதைத் தாண்டியவர், எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்) மெசினைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, இதுக்கு எத்தனை வயசு எண்டு வீட்டில சொல்றாங்க?" என்பதுதான். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால் பெரியப்பா பிறந்த 1957இல் வாங்கியது என்பார். வாகனப் புத்தகத்தில் முதற்பதிவு 1964. போன கராஜ்காரர் சொன்னது 1976. ஒரே மெசினுக்கு மூன்று வயது.

இது வெறும் ஆசைக்காகப் பார்க்கிற விஷயம் இல்லை, பெயின்ட் வாங்குவதே இதை வைத்துத்தான். 35 முதலில் 1956இல் வந்தபோது அதற்குப் பெயர் பெர்குசன் எஃப்இ 35, தகரம் எல்லாம் சாம்பல், என்ஜினும் கியர் பெட்டியும் பொன் நிறம். 1957 கடைசியில்தான் சிவப்புத் தகரமும் சாம்பல் வார்ப்புமாக மாறியது. அப்பா சொல்கிற வருடம் சரியென்றால் நாங்கள் சின்ன வயதில் இருந்து பார்த்த சிவப்பு மெசின் பிறக்கும்போது சிவப்பே இல்லை. பாஸ் இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால்தான் வயது முடிவாகாமல் ஒரு சொட்டுப் பெயின்ட்கூட அடிக்க மாட்டேன் என்று அவர் ஒரேயடியாகச் சொன்னார். இந்தக் கராஜை நான் நம்பத் தொடங்கிய இடம் அது.

முதல் நாள் முழுக்கக் கழுவினார்கள். பிரஷரில் தண்ணீர் அடிக்கவில்லை, கிரைண்டரைத் தொடவே இல்லை. ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெய், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், கந்தைத் துணி, அவ்வளவுதான். எங்கள் மெசினில் அறுபது வருட ஒயிலும் வட்டைச் சேறும் சேர்ந்து ஒரு விரல் தடிப்புக்குக் கல்லாகி இருந்தது. பையன் ஒருவன் மரக் குச்சியால் அதை நெம்பி எடுக்க எடுக்க உள்ளே சாம்பல் நிறப் பெயின்ட் புதுசு மாதிரி வெளியே வந்தது. என்ஜினில் டீசல் பம்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான இடத்தைப் பாஸ் தானே துடைத்து, வெள்ளைச் சுண்ணக்கட்டியை அதன் மேல் படுக்க வைத்துத் தேய்த்தார். தேய்த்துவிட்டு உள்ளங்கையால் மெல்ல ஒரு தடவல். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்று, எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வந்தது: சி, ஈ, 31, பிறகு இலக்கங்கள், நடுவில் யு, கடைசியில் தனியாக ஒரு சி.

அந்தக் கடைசி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. இது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜின். பெர்கின்ஸ் கொம்பனி 1974இல் இருந்து தன் என்ஜின் இலக்கத்தின் கடைசியில் ஆண்டுக்கு ஒரு எழுத்துப் போடத் தொடங்கியது. 1974 என்றால் ஏ, 1975 பி, 1976 சி. நடுவில் இருக்கிற யு இங்கிலாந்தில் செய்தது என்பதற்கு. முதலில் வரும் சிஈ இந்த மூன்று சிலிண்டர் 152 குடும்பத்தைக் குறிக்கும். 152 என்பது கன அங்குலக் கணக்கு, நம் கணக்கில் இரண்டரை லீட்டர். ஆக என்ஜின் 1976. போன கராஜ்காரரும் இதைத்தான் பார்த்திருக்கிறார், பார்த்தது சரி. என்ஜினுக்கு இருக்கிற வயதுதான் மெசினுக்கும் என்று எடுத்ததுதான் பிழை. இங்கிலாந்தில் 35 செய்வதை 1964இலேயே நிறுத்தி, அந்த வருடக் கடைசியில் 135ஐ இறக்கிவிட்டார்கள். 35க்குள் 1976 என்ஜின் இருந்தால் இடையில் யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

அங்கே நின்றபடியே அப்பாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சூறாவளிக்குப் பிறகு மனே, வேம்பு விழுந்து என்ஜின் உடைஞ்சு போச்சு, அப்பப்பா கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போய் வேற என்ஜின் கொண்டு வந்தவர்" என்றார். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி. மட்டக்களப்பில் கூரை தப்பிய வீட்டை விரல் விட்டு எண்ணலாம் என்று சொல்லிக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். மெசின் கொட்டில் மேல் வேம்பு விழுந்த கதை மட்டும் இத்தனை வருடமாக வீட்டில் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஒரு எழுத்தைச் சுண்ணக்கட்டியால் தேய்த்ததும் வந்தது.

சரி, என்ஜின் போனால் மெசினின் சொந்த வயதை எங்கே தேடுவது? ஸ்டியரிங்குக்குக் கீழே மீட்டர் பலகையில் றிவிட் அடித்த ஒரு சின்னத் தகடு இருக்க வேண்டும் என்றார் பாஸ். எங்கள் மெசினில் அந்த இடத்தில் பெயின்ட் மட்டும்தான் தெரிந்தது. சிவப்பு, அதன் கீழ் இன்னொரு சிவப்பு, அதன் கீழ் யாரோ வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை. பெயின்ட் கரைக்கும் மருந்தைத் துணியில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தார், தேய்க்கவே இல்லை. தேய்த்தால் தகட்டில் அடித்த இலக்கம் மழுங்கிப் போகுமாம். அரை நாள் போனது. ஆறு இலக்கம், 198இல் தொடங்குகிறது. 35இன் தொடர் இலக்கம் 1960ஆம் ஆண்டுக்கு 171 ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்குகிறது, 1961க்கு 220 ஆயிரத்துச் சொச்சத்தில். எங்களுடையது இரண்டுக்கும் நடுவில், ஆகவே 1960இன் நடுப்பகுதி. கொவென்ட்ரியில் பானர் லேன் தொழிற்சாலையில் செய்தது.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் விடவில்லை. தகட்டைக் கழற்றி இன்னொரு மெசினில் அடிப்பது பெரிய வேலை இல்லை, தகடு மட்டும் சொன்னால் நம்பாதே என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். லூகாஸ் பெயருக்குக் கிட்ட, ஒயில் படிந்து கறுத்த இடத்தில், 5 60 என்று அடித்திருந்தது. 1960 மே மாதம். என்ஜின் மாறினாலும் பழைய ஸ்டார்ட்டரை அப்பப்பா விடவில்லை போல. இப்போது தகடும் ஸ்டார்ட்டரும் ஒன்றுக்கொன்று சாட்சி. அரைக்கப்பட்ட கியர் பெட்டி வார்ப்பும் இருந்திருந்தால் மூன்றாவது சாட்சி. வார்ப்பில் இருப்பது இரும்பு ஊற்றிய தேதி, மெசின் பூட்டிய தேதி இல்லை, ஆகவே அது எப்போதும் கொஞ்சம் முந்தித்தான் இருக்கும் என்பதையும் சொன்னார். வார்ப்புத் தேதி தகட்டை விடப் பிந்தி இருந்தால் அந்தப் பாகம் பிறகு மாற்றியது என்று அர்த்தம்.

இந்த வார்ப்புத் தேதியை வாசிக்கிற முறையை வாசலில் நிற்கும் ஃபோர்ட் 3000இல் காட்டித் தந்தார். ஃபோர்டில் இது இன்னும் இலகு. 7பி23 என்று இருந்தது. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், எழுத்து மாதம், மிச்சம் நாள். ஏ ஜனவரி, பி பெப்ரவரி, அப்படியே போய் ஐ எழுத்தை மட்டும் விட்டுவிட்டு எம் வரைக்கும் டிசம்பர். ஐயை ஒன்று என்று வாசித்துவிடக் கூடும் என்பதால் விட்டிருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. 3000 வந்தது 1965இல் இருந்து 1975 வரை, ஆகவே 7 என்றால் 1967 மட்டும்தான். 1967 பெப்ரவரி 23. பத்து நிமிடத்தில் படித்துவிட்டேன், இப்போது ரோட்டில் எந்த ஃபோர்டைக் கண்டாலும் குனிந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

35 வைத்திருக்கிறவர்களுக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயம் நல்ல உதவி. டீசல் மெசின் என்றால் நோசிலை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் தெளிப்பது) எண்ணிப் பாருங்கள். நான்கு இருந்தால் ஸ்டாண்டர்ட் கொம்பனியின் 23சி என்ஜின், தொடக்க காலத்தது, குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் என்று பெயர் எடுத்தது. மூன்று இருந்தால் பெர்கின்ஸ், அது 1959 கடைசியில் இருந்துதான் 35இல் வந்தது. மூன்று நோசில் மெசினை ஒருவர் 1957 என்று விற்க வந்தால் ஒன்றில் வயது பொய், இல்லாவிட்டால் என்ஜின் மாற்றியது. 1962 கடைசியில் 35எக்ஸ் வந்தது, அதில் பெர்கின்ஸின் பலம் கூடியது, மல்டி பவரும் (ஓடும்போதே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கியர் வசதி) கேட்டால் போட்டுக் கொடுத்தார்கள். பாகம் வாங்கும்போது இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் காசுதான் வீண். நம் கடைகளில் கிடைப்பதில் நிறையச் சென்னை டாஃபே டிராக்டர் கொம்பனியின் பாகம், அவர்களும் மெஸி பெர்குசன் வழியில் வந்தவர்கள், அநேகமானவை பொருந்தும். பொருந்துவது வேறு, அந்த வருடத்துக்கு உரியது வேறு என்று பாஸ் ஒவ்வொன்றையும் பிரித்து வைப்பார்.

கண்டுபிடித்தது எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதுகிறார். சுண்ணக்கட்டி தேய்த்த இடத்தில் கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்த அச்சையும் அதே பக்கத்தில் ஒட்டி வைக்கிறார். எங்கள் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வந்தேன். வாகனப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கம் இப்போது இருக்கிற என்ஜினோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் அவர்தான் கவனித்தார். சூறாவளிக்குப் பிறகு மாற்றிய என்ஜினை அப்பப்பா பதியவே இல்லை. அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிப்படுத்த வேண்டும், அந்த வேலைக்கு அந்தக் கொப்பிப் பக்கம் பெரிய உதவியாக இருக்கும். 1964 எப்படி வந்தது என்பதும் ஓரளவு விளங்கியது. புத்தகம் சொல்வது இங்கே பதிந்த வருடம். கொவென்ட்ரியில் 1960இல் செய்த மெசின் இங்கே வந்து புத்தகம் எடுக்கும்வரை யார் கையில் இருந்ததோ. அப்பாவின் 1957 மட்டும் எங்கும் பொருந்தவில்லை. அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் என்றவர் ஆறு மாதம் எடுத்தார். போன் எடுக்க மாட்டார், நேரே போய்த்தான் கேட்க வேண்டும், கொக்கட்டிச்சோலையில் இருந்து அது ஒரு அரை நாள் பயணம். தகர வேலை அவருக்கு அவ்வளவு வராது, எங்கள் மட்காட்டில் வேம்பு விழுந்த பள்ளத்தை (ஆமாம், அது அந்தப் பள்ளம்தான் என்று இப்போது தெரியும்) வேறு ஆளைக் கொண்டு எடுத்தோம், அதற்குத் தனிச் செலவு. பில் என்று ஒன்று தருவதில்லை, கொப்பியில் கூட்டிக் காட்டுவார். வயது பார்த்ததற்கு மட்டும் 8,000 ரூபா எடுத்தார். இரண்டரை நாள் வேலை, எனக்கு அது நியாயமாகவே பட்டது. முன்னால் கிரைண்டர் பிடித்தவருக்குக் கொடுத்த காசில் இது பாதிகூட இல்லை.

மெசின் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. சிவப்புத் தகரம், சாம்பல் வார்ப்பு, 1960க்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. 1976 என்ஜினைக் கழற்றி அந்தக் காலத்து என்ஜின் தேடிப் போடலாமா என்று பாஸ் ஒரு தடவை கேட்டார், நாங்கள் வேண்டாம் என்றோம். களவெட்டியில் சூடடித்து, இழுவைப் பெட்டியில் நெல் ஏற்றி, எங்கள் படிப்புச் செலவை இழுத்த என்ஜின் அது. தகட்டைப் பச்சைப் பெயின்டோடு விடச் சொல்லி அப்பா கேட்டார். இலக்கம் இருக்கிற இடத்தை மட்டும் துடைத்துவிட்டு ஓரத்தில் கொஞ்சம் பச்சையை விட்டிருக்கிறார் பாஸ்.

போகிறவர்கள் தை பிறந்ததில் இருந்து பங்குனி வரை போக வேண்டாம். பெரும்போக அறுவடை நேரம், வயலில் நின்றுபோன மெசின்தான் அவருக்கு முதல், பழைய மெசின்கள் எல்லாம் ஓரமாக நிற்கும். வாகனப் புத்தகத்தைக் கட்டாயம் கொண்டு போங்கள். மெசினைக் கழுவிக்கொண்டு போகாதீர்கள்.