படிப்பா, பழகுதொழிலா, அனுபவமா? தோட்டப்புறத்தில் கைத்தொழிலைப் புதுப்பிக்கும் வழிகள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் பழம் வெட்ட மோட்டார் கருவி, மருந்தடிக்க டிரோன், பெரட்டு (ஆள் வருகைக் கணக்கு) எடுக்கக் கைப்பேசி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. இனி எதைக் கற்பது, எந்த வழியில் கற்பது என்பதுதான் வீடுகளில் பேச்சு. எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைக்கு முழுநேரப் பயிற்சி நிலையம் நல்லது. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆனவர், பொறுப்பான முதலாளி அமைந்தால், வேலை செய்துகொண்டே பயிலும் எஸ்.எல்.டி.என். திட்டத்தில் சேரலாம். பட்டறையிலோ ஆலையிலோ பல ஆண்டு கைபழகியவருக்கு அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் பி.பி.டி. தான் சரியான வழி. கைப்பேசியில் தானாகக் கற்பது இம்மூன்றுக்கும் துணையாக நிற்கும், தனியாக நிற்காது.

வழியைத் தேர்வதற்கு முன் மனத்தில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. "மிஷின் வந்துவிட்டது, நமக்கு இனி வேலை இல்லை" என்பவரும் சரி, "எல்லாவற்றையும் அடியிலிருந்து புதிதாகப் படிக்கணும்" என்பவரும் சரி, தம் கையில் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. மலேசியாவில் வணிக அளவில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது இதே ஊரில்தான். ஊர் அப்போது பத்தாங் பெர்ஜுந்தை, தோட்டம் தென்னமரம், ஆண்டு 1917. பின்னாளில் பல தோட்டங்களில் பெண் பூக்களுக்கு ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலை அற்றுப்போனது. பழம் பார்க்கத் தெரிந்தவரின் தேவை மட்டும் இன்றுவரை குறையவில்லை.

காரணம் வேலையிலேயே இருக்கிறது. மலேசியச் செம்பனை வாரியத்தின் தர அளவுப்படி, பழுத்த குலையில் குறைந்தது 10 பழமாவது புதிதாக உதிர்ந்த குழி தெரிய வேண்டும். பாதிக்கு மேல் பழம் இன்னும் குலையில் ஒட்டியிருக்க வேண்டும். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். நாள் கடத்தினால் உதிரி பெருகி, அடிபட்ட பழத்தில் கொழுப்பமிலம் ஏறும். மோட்டார் கருவி மட்டையையும் காம்பையும் நொடியில் அறுத்துவிடும். எந்தக் குலையை அறுப்பது என்பதை மரத்தடியில் கிடக்கும் உதிரியைப் பார்த்து வெட்டுபவர்தான் முடிவு செய்கிறார். கண் பழகாதவர் கையில் கருவியைக் கொடுத்தால், காய்க்குலைதான் வேகமாகக் குவியும்.

இந்த அறிவைக் காகிதத்தில் ஏற்றுவது எப்படி என்பதே இங்கே கேள்வி. மூன்று வழியிலும் கடைசியில் கிடைப்பது ஒன்றுதான்: திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. வழங்கும் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ். 2006-ஆம் ஆண்டின் 652-ஆம் சட்டம் அதற்கு அடிப்படை. நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா.

முழுநேரப் பயிற்சியின் பலம் முறையான அடித்தளம். மின்சுற்று, அளவைக் கருவி, பாதுகாப்பு எல்லாம் வரிசையாக வரும். நிபோங் தெபாலில் உள்ள ஆறுமுகம் பிள்ளை ஐ.எல்.பி. (தொழிற்பயிற்சிக் கழகம்) போன்ற அரசுக் கழகங்களும், ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்ற தனியார் மையங்களும் இருக்கின்றன. கட்டணத்துக்கு பி.டி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் உண்டு, அது கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். குடும்பத்தைத் தாங்குபவர் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் உட்கார முடியாது என்பதால், இந்த வழி இளையோருக்கே பொருந்தும்.

எஸ்.எல்.டி.என். திட்டத்தில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில் நடக்கும், மிச்சம் பயிற்சி மையத்தில். வாரத்தில் ஒரு நாள் மையத்துக்குப் போகலாம், அல்லது சில வாரங்கள் சேர்த்தாற்போல் போகலாம். கையில் அலவன்ஸ் வரும், உண்மையான இயந்திரத்தில் கை பழகும். இதன் பலவீனம் முதலாளிதான். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், கற்பிக்கத் தெரிந்த ஓர் ஆளை ஒதுக்க வேண்டும். பழகுநரை டயர் கழற்றவும் தரை கூட்டவும் மட்டும் வைத்திருந்தால் ஆண்டு முடிவில் பதிவேட்டில் எழுத ஒன்றும் இருக்காது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே, மாதவாரியாக என்னென்ன வேலை தரப்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பி.பி.டி. பற்றித்தான் தோட்டப்புறத்தில் குறைவாகப் பேசுகிறோம். அதிகம் பயன்படக்கூடியது அதுவே. வகுப்பு இல்லை, பள்ளித் தேர்ச்சியைச் சார்ந்தும் இல்லை. செய்துவரும் வேலையைச் சான்றோடு காட்டினால், அதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள்.

முதல் படி, உங்கள் வேலைக்குரிய நோஸ் ஆவணத்தைத் தேடுவது. ஒரு தொழிலுக்கு என்னென்ன திறன் வேண்டும் என்று அலகு அலகாகப் பிரித்திருக்கும் தேசியத் தரம் அது. பழைய பதிப்பை வைத்துக் கோப்பு தயாரித்தால் உழைப்பு வீண். நடப்பில் உள்ள பதிப்புதானா என்று பாருங்கள். அடுத்து, ஒவ்வோர் அலகுக்கும் நேராக "செய்கிறேன்", "செய்ததில்லை" என்று நேர்மையாகக் குறியுங்கள். டிராக்டர் பட்டறைக்காரர் பலர் எஞ்சின் பிரித்துச் சேர்ப்பதில் கெட்டிக்காரர்கள். வேலை உத்தரவு எழுதுவது, உதிரிப்பாகக் கணக்கு வைப்பது போன்ற அலகுகளில் சறுக்குவார்கள். அந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டால், இரண்டு மூன்று மாதம் அந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்து நிரப்பிவிடலாம்.

பிறகு சான்று சேர்ப்பது. படத்தில் முகமும் கையும் செய்யும் வேலையும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். பிரித்த எஞ்சினை மட்டும் எடுத்த படம் யார் பிரித்தது என்று சொல்லாது. ஒரு வேலைக்குத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று படமாவது வேண்டும். கையுறை, பாதுகாப்புக் காலணி இல்லாமல் நிற்கும் படம் உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். தேதி, வேலை உத்தரவு எண், மேற்பார்வையாளர் கையெழுத்து மூன்றும் உடனிருக்கட்டும். வேலைக் கடிதத்தில் "நல்ல தொழிலாளி" என்று எழுதி வாங்கிப் பயனில்லை; எந்தெந்த இயந்திரம், எந்த ஆண்டு முதல் என்று எழுதி வாங்குங்கள்.

கோப்பு பெரும்பாலும் தவறுவது விளக்கப் பகுதியில். படங்களுக்குக் கீழே எழுதத் தயங்கி, வேறொருவர் கோப்பிலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். மதிப்பீட்டாளர் நேரில் கேள்வி கேட்கும்போது எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரம் உடனே தெரிந்துவிடும். வேலையைத் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். செயலியை அதை மலாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளையை வைத்து வரிவரியாகச் சரிபாருங்கள். மொழி மட்டும் இயந்திரத்துடையது, செய்தி உங்களுடையது. இப்படிச் செய்வதை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம்.

கைப்பேசியின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு கலப்பது என்று கேட்டால், செயலி தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும். 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய். 50-க்கு 1 என்றால் 20 மில்லி. 40 வேண்டிய எஞ்சினுக்கு 20 ஊற்றினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். 20 போதுமான எஞ்சினுக்கு 40 ஊற்றினால் புகை கக்கி, பிளக்கில் கரி படியும். எது சரி என்பது அந்த மாடலின் கையேட்டில் இருக்கிறது. காணொளியில் வேறு மாடலைக் காட்டியிருப்பார்கள். செயலியிடம் விளக்கம் கேளுங்கள், அளவைக் கையேட்டில் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறியதும் திராட்டலை விடுவது பழகிய காதின் வேலை. கேள்வி நேரத்தில் அந்தச் சத்தம் எதைக் காட்டுகிறது என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால், அதுவும் உங்கள் திறனுக்குச் சான்றுதான்.

டிரோன் கற்க விரும்பும் இளையோருக்கு ஒரு வார்த்தை. பறக்கவிடும் பயிற்சி மட்டும் போதாது; சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு, பூச்சிமருந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. வேலையின் பெரும்பகுதி தரையில்தான் நடக்கிறது: மருந்து கலப்பது, நாசில் அடைப்பை எடுப்பது, காற்று எழுமுன் காலையிலேயே முடிப்பது, பேட்டரியைச் சூடு ஆறவிட்டுச் சார்ஜ் செய்வது. மருந்தடித்துப் பழகியவருக்கு இதில் பாதி முன்பே தெரியும். அண்ணன் மருந்தைப் பார்க்க, தம்பி டிரோனைப் பார்க்க என்று சேர்ந்து இறங்கும் குடும்பத்துக்கு இது நல்ல தொழில்.

எந்த வழியானாலும் பணம் கட்டுமுன் ஜே.பி.கே.யின் மைஸ்பைக் தளத்தில் அந்த மையத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் தொழிலுக்கும், கேட்கும் நிலைக்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும். "படம் வேண்டாம், கேள்வியும் இல்லை, காசு கட்டினால் நிலை 3" என்று யாராவது சொன்னால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அப்படி வாங்கிய காகிதம் தளத்தில் தேடினால் வராது, அதைக் காட்டி வேலை கேட்பவருக்குத்தான் வழக்கு வரும்.