கன்னி மூலை டேங்கும் என் மூன்று கிலோவாட் சோலாரும்

2024 ஜூனில் வேலூர் சத்துவாச்சாரி வீட்டு மாடியில் சோலார் போட்டோம். 540 வாட் பேனல் ஆறு, படிக்கட்டுச் சுவரில் பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் ஒரு இன்வெர்ட்டர். மொத்தம் 1,95,000 ரூபாய். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம் பிறகு வங்கிக் கணக்கில் விழுந்தது. ஆக, கையை விட்டுப் போனது 1,17,000. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அந்தப் பழக்கத்தில் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். போட்டுக் கொடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம். ஏன் என்று படித்தால் தெரியும்.

முதலில் எல்லோரும் கேட்பது பில்தான். கோடையில் இரண்டு ஏசி ஓடும் வீடு. இரண்டு மாசத்துக்கு 800 யூனிட் தாண்டும், பில் ஐயாயிரத்தைத் தொடும். 500 யூனிட்டைத் தாண்டினாலே ஸ்லாப் எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கோடையில் வந்த பில் இருநூறு ரூபாய்க்குள். பகலில் நாம் செலவழித்தது போக மிச்சம் மின்வாரிய லைனுக்குப் போகிறது, ராத்திரி ஏசிக்கு அங்கிருந்தே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். புது மீட்டர் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். கழித்துப் பார்த்து மிச்சத்துக்குத்தான் பில், அதிலும் முதல் நூறு யூனிட் இலவசம். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். ஆனி, ஆடியில் நோட்டில் தினம் 11, 12 என்று ஓடியது. ஐப்பசியில் மழை ஆரம்பித்ததும் எட்டுக்கு இறங்கியது, கார்த்திகையில் ஆறு. மழைக்காலம், வானம் மூடியிருக்கிறது, சரி என்று விட்டேன். மார்கழியில் வானம் பளிச்சென்று இருந்தும் எட்டைத் தாண்டவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால், "பனிக்காலம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ஒருநாள் மதியம் இரண்டரை மணிக்குத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர் டேங்கின் நிழல் இரண்டு பேனல் மேல் கறுப்பாகப் படுத்திருந்தது.

எங்கள் டேங்க் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்கிறது. வாஸ்து பார்த்துக் கட்டிய வீடு, இந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான். அளவெடுக்க வந்த பையன் வந்தது ஜூனில். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பாதியிலிருந்து ஆடி முடிய உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே சாயும். சாயங்கால நிழல் தென்கிழக்காக விழும். அதனால் அன்றைக்கு அவன் கண்ணில் டேங்க் நிழல் படவே இல்லை. தட்சிணாயனம் முற்றி சூரியன் தெற்கே போனதும் அதே டேங்கின் நிழல் வடகிழக்கே நீண்டு பேனலில் ஏறிவிட்டது. இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. மார்கழியில் எந்த வாசலில் வெயில் காயலாம் என்று என் மாமியாருக்குத் தெரியும்.

இரண்டு பேனலில்தானே நிழல் என்று நினைக்க வேண்டாம். ஆறும் ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்த இணைப்பு. திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் என்ன ஆகும்? இப்போதைய பேனல்கள் அந்த அளவுக்கு மொத்தமாகப் படுத்துவிடுவதில்லை, ஆனாலும் நிழல் விழுந்தால் சேதாரம் நிழலின் அளவோடு நிற்காது. நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், ஏழு தடவை போன் செய்தேன். பொங்கல் கழித்து ஒரு வாரத்தில் வந்து அந்த இரண்டையும் மாடிப்படி ரூம் மேல் ஏற்றினார்கள். பைப்புக்கும் கூலிக்கும் 6,000 ஆனது, பாதி நான், பாதி அவர்கள். மறுநாள் நோட்டில் 12.6. சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். "வேலூர் வெயிலுக்குக் கொட்டுமே" என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் அக்னி நட்சத்திரத்தில்தான் அதிகம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நோட்டிலேயே பெரிய எண் 14.3, அது மாசிக் கடைசியில். அக்னியில் வெளியே 41 டிகிரி அடித்தபோது 12தான். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும் என்று கூட வந்த காகிதத்திலேயே போட்டிருக்கிறது. மே மாச மதியத்தில் பேனல் 65 டிகிரி தொட்டால், நாற்பதால் பெருக்குங்கள், 14 சதவீதம் போச்சு.

தண்ணீர் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். நெடுஞ்சாலைப் புழுதி பத்து நாளில் பேனலில் மாவு மாதிரி படியும். முதல் தடவை நான் போர் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு அப்படியே காயவிட்டேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளை உப்புத் திட்டு, கழுவாமலே இருந்திருக்கலாம். இப்போது காலை ஆறு மணிக்கு, பேனல் சூடாவதற்கு முன், ஆர்ஓ தண்ணீர் ஒரு பக்கெட், பழைய வேட்டித் துணி. குரங்குத் தொல்லை தனி. மலையிலிருந்து இறங்கி வந்து பேனல் மேல் உட்கார்ந்து பேன் பார்க்கின்றன.

வாங்கும்போது யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று: லைனில் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில், கொளுத்தும் வெயிலில், ஆறு பேனலும் சும்மா படுத்திருக்கும். அது சரியானதுதான். லைன்மேன் கம்பத்தில் இருக்கும்போது நம் வீட்டிலிருந்து கரண்ட் ஏறினால் அவர் உயிருக்கு ஆபத்து. பேட்டரி வைத்த வகை வேண்டுமென்றால் விலை வேறு. எங்களுக்குப் பழைய யூபிஎஸ்ஸில் இரண்டு ஃபேன் ஓடுகிறது, போதும்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால், காற்றாலைக்குக் கன்னியாகுமரி பக்கம் முப்பந்தல் மாதிரி கணவாய் வேண்டும், அதுவும் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் நன்றாகச் சுற்றும். பாலாற்றில் நீர்மின்சாரம் என்று சொன்னால் பாலாறே சிரிக்கும். குடியாத்தம் பக்கம் என் அம்மா வீட்டில் கோபர் கேஸ் இருந்தது, அருமையான நீலச் சுடர். மாடுகளை விற்றதும் அடுப்பு அணைந்தது. நம் மாடிக்குச் சரிப்பட்டு வருவது சோலார்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து இந்தக் கண்ணாடிகளை யார் எடுத்துப்போவார்கள் என்பது மட்டும் உறுத்துகிறது. 2022 மின்கழிவு விதிகளில் சோலார் பேனலையும் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் பழைய இரும்புக்காரர் இப்போதே "அலுமினியச் சட்டம் மட்டும்னா எடுத்துக்குறேன்" என்கிறார்.

ஐந்துக்கு மார்க் கேட்டால் பேனலுக்கு நாலரை. கம்பெனிக்கு இரண்டு, அதுவும் கடைசியில் வந்து மாற்றிக் கொடுத்ததற்காக. போன வாரம் எதிர்வீட்டுக்கு அளவெடுக்க அதே பையன் வந்திருந்தான். அவர்கள் டேங்கும் கன்னி மூலையில்தான். மாடியிலிருந்தே, "தம்பி, மார்கழி நிழலைப் பார்த்தியா?" என்று கேட்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "டீச்சர், அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றான்.