அக்னிவீரரா, ஐ.டி.ஐ.யா? 22 வயதில் கையில் என்ன இருக்கும்?

பிளஸ் டூ முடித்ததும் ராணுவமா, ஐ.டி.ஐ.யா என்று யோசிப்பவர்கள் முதல் மாதச் சம்பளத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். கணக்கு அங்கேயே பிசகுகிறது.

இளைஞர்களை 4 ஆண்டுக்கு 'அக்னிவீரர்' என்று ராணுவத்தில் சேர்ப்பது 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம். அதன்படி முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதிக்கு (பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேமிப்பு) போக, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் 40,000, கைக்கு 28,000. அரசும் அதே அளவு போடுவதால், 4 ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல். சாப்பாடு, தங்குமிடச் செலவு கிடையாது என்பதால் சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பலாம். கடன் நெருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம், ஐ.டி.ஐ. மாணவரால் முடியாதது. ஆனால் சொந்த விருப்பத்தில் பாதியில் விலகினால் அரசின் பங்கு கிடைக்காது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். நிரந்தரப் பணிக்கு எடுப்பது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. துணை ராணுவப் படைகளில் இடஒதுக்கீடு உண்டு. ஆனால் தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். அதே வயதில் ஃபிட்டர் படித்தவர் அப்ரண்டிஸ் முடித்து, மெஷினில் கை பழகியிருப்பார். காண்ட்ராக்டிலேயே வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்படும் ஆபத்து அவருக்கும் உண்டு, அது வேறு.

திருமணமாகாதவர்தான் சேரலாம், 4 ஆண்டும் திருமணம் கூடாது. 18 வயதுப் பையனுக்கு இது பாரமில்லை. உண்மையில் இடிப்பது ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. அப்பாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேறு ஆள் இல்லாத ஒற்றைப் பிள்ளை இதை முதலில் யோசிக்க வேண்டும். பணியில் உயிர் போனால் 48 லட்சம் காப்பீடு என்பதையும் வீட்டில் வாய்விட்டுப் பேசிவிடுவது நல்லது.

பத்தாவதோடு நிற்பவருக்கு எங்கள் பரிந்துரை: முதலில் இரண்டு வருட ஐ.டி.ஐ., பிறகு அக்னிவீர் டெக்னிக்கல் (தொழில்நுட்பப் பிரிவு). ராணுவ ஆள்சேர்ப்பு அறிவிப்பில் உள்ள டிரேடுதானா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 2022 திட்டப்படி வயது வரம்பு 17½ முதல் 21 என்பதால் முயற்சி செய்ய அவகாசம் இருக்கும். 4 ஆண்டு கழித்து வெளியே வந்தாலும் டிரேடு சான்றிதழ் கையில் நிற்கும்.

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கி.மீ. தூரத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், 10 புல்-அப்புக்கு 40. இதை ஆறு மாதப் பயிற்சியில் எட்டிவிடலாம். நிறக்குருடு, தட்டைப் பாதம், நிற்கும்போது முட்டிகள் ஒன்றோடொன்று இடிப்பது எல்லாம் பயிற்சியால் மாறாது. அகாடமிக்குப் பணம் கட்டும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.