மொட்டை மாடியில் ஸ்டிக் வெல்டிங்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

வெல்டிங் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஒரு இஞ்ச் சதுர பைப்பில்தான். செடி ஸ்டாண்டு, ஸ்டூல், செருப்பு ரேக் எல்லாம் அதில்தானே செய்கிறார்கள்! தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு வருடத்துக்கு மேல் ராடு (கரண்டில் உருகி இரும்பை ஒட்டவைக்கும் பூச்சுக் கம்பி) பிடித்த பிறகு சொல்கிறேன், 18 கேஜ் பைப் கை தேறியவர்களுக்கான வேலை. அதன் சுவர் சுமார் 1.2 மி.மீ. கனம்தான். கை ஒரு நொடி தயங்கினால் ஓட்டை விழுந்துவிடும்.

நான் தொடங்கியது காயலான் கடையில் எடைக்கு வாங்கிய 5 மி.மீ. பட்டையிலும் ஆங்கிளிலும். வெல்டிங் மெஷின் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ரகம், ராடு 2.5 மி.மீ. கனத்தில் 6013 என்ற ரகம். ராடு பெட்டியில் 60 முதல் 90 ஆம்பியர் வரை என்று போட்டிருந்தாலும் கனமான இரும்புக்கு 80-க்குக் கீழே இறங்காதீர்கள். ஆம்பியர் குறைந்தால் ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும், பழகுகிற ஆசையே போய்விடும். வியாசர்பாடியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னது இன்னும் உதவுகிறது: "ஒட்டிக்கிச்சுன்னா பதறாத தம்பி, பக்கவாட்டுல மடக்கி இழு. வரலைன்னா ஹோல்டரை வுட்டுடு."

முதல் உருப்படி தண்ணீர் டிரம் ஸ்டாண்டு. லாரித் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இது எப்போதும் தேவைப்படும் சாமான். 200 லிட்டர் டிரம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அதைத் தாங்கினால்தான் ஸ்டாண்டு. வெறும் பட்டையில் கோடு கோடாகப் போட்டபோது பிடிபடாத விஷயங்கள் இதில் பிடிபட்டன. ஒரு மூலையை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சூட்டில் ஃபிரேம் இழுத்துக் கோணிவிடும். நான்கு மூலையிலும் டேக் (சின்னப் பொட்டு வெல்டு) வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் அளந்து, அப்புறம் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வெல்டு போட வேண்டும். ராடைத் தள்ளிக்கொண்டு போகாமல் சற்றே சாய்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் ராடின் பூச்சு உருகி வரும் கசடு முன்னால் ஓடி உள்ளே சிக்கிக்கொள்ளும். மேலே பார்க்க அழகாக இருக்கும், சுத்தியால் தட்டினால் பொத்தல். இன்னொன்று, மூலை பிடிக்கிற காந்தத்தை டேக் வைத்ததும் கழற்றிவிடுங்கள். இதுபோன்ற டிசி (ஒரே திசையில் கரண்டு ஓடும்) மெஷினில் பக்கத்தில் காந்தம் இருந்தால் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்சுடர்) ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

பைப் வேலைக்கு இதெல்லாம் முடிந்த பிறகுதான் போனேன். அங்கே கைகொடுத்தது கேபிளை மாற்றிப் போடுவது: ராடு பிடிக்கும் ஹோல்டர் மைனஸில், இரும்பில் மாட்டும் எர்த் கிளாம்பு பிளஸில். இரும்பில் சூடு குறைவாக இறங்கும். அதோடு 2 மி.மீ. ராடு, 45 ஆம்பியர் அளவு, நீளமாக இழுக்காமல் விட்டு விட்டுச் சின்னச் சின்னதாக. இப்போது துணி காயப்போடும் ஸ்டாண்டு வரை வந்தாயிற்று.

மெஷினைப் பற்றிப் பெரிய குறை இல்லை. கரண்டுதான் பிரச்சினை. பழைய வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டில் 2.5 ராடு தாராளமாக ஓடுகிறது, 3.15 ராடு போட்டு 110-க்கு மேல் ஏற்றினால் டிரிப் ஆகிவிடும். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயரில் ஆர்க் தூங்கி வழியும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் வாங்கிய பிறகு நிம்மதி. கூடவே வந்த ஹோல்டரும் எர்த் கிளாம்பும் சுமார் ரகம், அவற்றை மட்டும் பாரிமுனையில் வாங்கி மாற்றினேன்.

எங்கள் பக்கத்தில் உண்மையான எதிரி கடல் காற்று. பிரித்த ராடு பாக்கெட் ஈரம் குடித்து, பூச்சு சடசடவென்று தெறிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன். வெல்டு போட்ட இடத்தைத் தேய்த்து அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காவிட்டால் மறுநாளே துரு தெரியும். பைப்பின் வாய் திறந்திருந்தால் உள்ளிருந்தே அரித்துவிடும், தகடு வைத்து மூடுங்கள். கிடைக்கிறதே என்று ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப்பை வெல்டு செய்யாதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

மே மாதம் மத்தியானம் வேலை வேண்டாம். கையுறை வியர்வையில் நனைந்தால் ஷாக் அடிக்கும். நான் காலை வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறேன், பக்கத்து மாடிப் பிள்ளைகள் வெளிச்சத்தைப் பார்க்காமல் இருக்கத் தார்ப்பாய் கட்டிவிட்டு. அடுத்து வாசல் கேட். அதற்குச் செங்குத்து வெல்டு இன்னும் கைவர வேண்டும்.