காது மெஷினோடு நான்கு வருடம்

எனக்கு 71 வயது. நான்கு வருடமாக இரண்டு காதிலும் மெஷின் போடுகிறேன். காது மடலுக்குப் பின்னால் உட்காரும் வகை. அதிலிருந்து மெல்லிய கம்பி இறங்கி, டோம் எனப்படும் சின்ன ரப்பர் மூடியோடு காதுக்குள் போகும். முதல் ஐந்து மாதம் அது பெரும்பாலும் மேஜை டிராயரில்தான் கிடந்தது. வாங்கியவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

எனக்குச் சத்தம் கேட்டது, பேச்சுதான் பிடிபடவில்லை. வயதால் வரும் காது மந்தம் உயர்ந்த அதிர்வெண்களில்தான் தொடங்கும். உயிரொலிகள் நன்றாகவே விழும். க, ச, த, ப போன்ற மெய்கள் தேய்ந்துவிடும். சொன்னது பல்லா, கல்லா? முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். உதட்டைப் படித்தே காலம் தள்ளியிருக்கிறேன், அது எனக்கே தெரியாது. காது பரிசோதனை வரைபடமான ஆடியோகிராமில் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராகப் போய், பிறகு சரிந்தது. 4000-இல் 60 டெசிபல் சத்தம் இருந்தால்தான் கேட்கும்.

முதலில் வாங்கிய இடத்தில் அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, காதில் மாட்டி, “போகப் போகப் பழகிடும்” என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செய்தித்தாளை மடித்தேன், தகரத்தை நசுக்குவது போல இருந்தது. என் குரலே குடத்துக்குள்ளிருந்து வந்தது. மாலைக்குள் கழற்றி வைத்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் வேறொரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணரிடம், போனோம். அவர் மெஷினோடு சேர்த்து நூல் போன்ற ஒரு குழாயையும் காதுக்குள் விட்டு, பேச்சு ஒலியை ஓடவிட்டு, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளந்தார். எனக்குத் தேவையான உயர் ஒலிகள் போதவில்லை, தேவையில்லாத தாழ் ஒலிகள் கூடுதலாக இருந்தன. அதைத் திருத்தி, காற்று போகும் ஓட்டையுள்ள டோம் மாற்றியதும் குடத்துக் குரல் பாதியாகக் குறைந்தது. இந்த அளவீட்டைச் செய்யாமல் யாரும் மெஷினை வாங்கி வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

“தனியா இருக்கும்போதும் போட்டுக்கோங்க சார், காலைல எழுந்ததுல இருந்து தூங்கற வரைக்கும்” என்றார். பல வருடம் கேட்காத ஒலிகளில் எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று மூளைக்கு மறந்துபோயிருக்கும். ஃபிரிட்ஜ் இரைச்சலைக் கேட்டுக் கேட்டுத்தான் அதை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். எனக்கு ஆறு வாரம் பிடித்தது. ஒருநாள் மனைவி எனக்கு முதுகைக் காட்டியபடி, “ஏங்க, ஜன்னலைச் சாத்திட்டீங்களா?” என்றாள். “சாத்திட்டேன்” என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். “ரெண்டாவது தடவை சொல்லவே இல்லையே நான்!” அன்று இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ஒருமுறை வலது பக்கம் செத்துவிட்டது, மெஷினே போய்விட்டது என்று பயந்தேன். காது அழுக்கு மெஷினுக்குள் போகாமல் தடுக்கும் கடுகு அளவு வடிகட்டி (வேக்ஸ் கார்டு) அடைத்திருந்தது, அவ்வளவுதான். கூட வரும் குச்சியின் ஒரு முனை பழையதை இழுக்கும், மறுமுனை புதியதைப் பொருத்தும். பேட்டரி 312, பழுப்பு ஸ்டிக்கர். அதை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுகிறேன், ஏனென்றால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் வேலை செய்கிறது. எனக்கு ஆறேழு நாள் வரும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்துவிடுவேன்.

கூட்டத்தில் இன்னும் சிரமம்தான். இரைச்சலுக்கு முதுகைக் காட்டி, பேசுபவர் எதிரில் உட்கார்ந்தால் சமாளிக்கலாம். ஒலியை உணரும் உட்செவி மயிர்ச் செல்கள் செத்துவிட்டால் திரும்ப முளைக்காது. பழைய காது கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

மெஷின் போட்டால் மறதி நோய் வராது என்று சொல்லி விற்கிறார்கள். 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அச்சீவ் என்ற ஆய்வில் 70 முதல் 84 வயதுவரை 977 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அறிவுத்திறன் குறையும் ஆபத்து அதிகமிருந்த பிரிவில் மட்டும் அந்தச் சரிவு 48 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் உத்தரவாதம் இல்லை. திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் மெஷின் தேடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இப்போது டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வது என் மனைவி. என் வருடாந்திரப் பரிசோதனை அடுத்த வாரம். அவளுக்கும் சேர்த்தே நேரம் வாங்கியிருக்கிறேன்.