பக்கெட் முறையில் ஓய்வுக்காலப் பணம்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஓய்வுக்காலத்துக்கு எப்படிச் சேமிப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். சேர்த்ததை எப்படி எடுத்துச் செலவழிப்பது என்று கேட்டால், "வட்டியை எடுங்கள், அசலைத் தொடாதீர்கள்" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும்போது அந்த அறிவுரை நிற்காது. பணவீக்கம் 6% என்றால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகிவிடும். வட்டி மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

நான் ஓய்வு பெற்றதிலிருந்து பக்கெட் முறையைத்தான் பின்பற்றுகிறேன். சந்தை விழுந்த 2020, 2022 இரண்டையும் அதை வைத்தே கடந்தாகிவிட்டது.

முறை எளிமையானது. முதல் பக்கெட்டில் இரண்டு வருடச் செலவுக்கான பணம், சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால வைப்பிலும். இரண்டாவதில் அதற்கடுத்த ஐந்தாறு வருடத்துக்கானது, தரமான குறுகிய காலக் கடன் பத்திரங்களில். மிச்சமெல்லாம் மூன்றாவதில், கட்டணம் குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதியில். மாதச் செலவுக்கு முதல் பக்கெட்டிலிருந்து மட்டுமே எடுப்போம். சந்தை ஏறியிருக்கும் வருடத்தில் மூன்றாவதில் கொஞ்சம் விற்று மற்ற இரண்டையும் நிரப்புவோம். இறங்கியிருந்தால் அதன் பக்கமே போவதில்லை.

இந்தப் பிடிவாதம் எதற்கு? கையில் 100 இருப்பதாக வையுங்கள். மூன்று வருடத்தில் சந்தை முதலில் 30% இறங்கி, பிறகு 10%, 30% என்று ஏறுகிறது. பணம் எடுக்காதவரிடம் கடைசியில் 100.1 இருக்கும். இதே வருடங்கள் தலைகீழாக வந்தாலும் அதே 100.1தான். ஆனால் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 5 எடுப்பவர் கதை வேறு. சரிவு முதலில் வந்தால் அவரிடம் 81.4 மிஞ்சும், கடைசியில் வந்தால் 87.7. மூன்றே வருடத்தில் இவ்வளவு வித்தியாசம். ஓய்வு பெற்ற முதல் சில வருடங்கள்தான் மிக ஆபத்தானவை என்று சொல்வது இதனால்தான்.

2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை, ஐந்து வாரத்துக்குள், அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான எஸ் அண்ட் பி 500 சுமார் 34% விழுந்தது. மூன்றாவது பக்கெட்டின் மதிப்பைத் திரையில் பார்க்கவே பிடிக்கவில்லை. என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "அடுத்த மாதத்துக்குப் பணம் வருமா?" முதல் பக்கெட்டின் இருப்பைக் காட்டினேன். ஒன்றாம் தேதி வழக்கமான தொகை வழக்கம்போலக் கணக்கில் வந்து விழுந்தது. ஒரு யூனிட்கூட விற்கவில்லை. ஆகஸ்ட்டில் அந்தக் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது. மீட்சி இவ்வளவு வேகமாக வரும் என்று எப்போதும் நம்பக் கூடாது. 2000இல் தொடங்கிய சரிவு வருடக்கணக்கில் நீண்டது. அதற்காகத்தான் இரண்டாவது பக்கெட்.

அந்த இரண்டாவது பக்கெட்டுக்குச் சோதனை 2022இல் வந்தது. வட்டி விகிதம் வேகமாக உயர்ந்ததால் பங்கும் கடன் பத்திரமும் சேர்ந்தே விழுந்தன. வட்டி 1% ஏறினால், டியூரேஷன் (வட்டி மாறும்போது பத்திரத்தின் விலை எவ்வளவு அசையும் என்பதைக் காட்டும் அளவு) 10 வருடமாக உள்ள பத்திரத்தின் விலை ஏறக்குறைய 10% குறையும். 2 வருடமாக இருந்தால் 2% அளவில்தான் குறையும். எங்களுடையது குறுகிய காலம் என்பதால் அடி லேசாகத்தான் பட்டது. கொஞ்சம் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு நீண்ட காலப் பத்திரத்தை இந்த இடத்தில் வைக்காதீர்கள்.

சரி, வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்? 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1926 முதலான அமெரிக்கத் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். முதல் வருடம் மொத்தத் தொகையில் 4%, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே போனால், மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் பணம் 30 வருடம் தாங்கியது என்பது அவர் முடிவு. அது அமெரிக்க வரலாறு, 30 வருடக் கணக்கு. 50 வயதிலேயே வேலையை விடுபவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நாங்கள் 3.5 சதவீதத்தில் தொடங்கினோம். சந்தை விழுந்த வருடத்துக்கு அடுத்த வருடம் பணவீக்க உயர்வை எடுப்பதில்லை. இந்தச் சின்னக் கட்டுப்பாடு பக்கெட்டுகளைவிடவும் பெரிய பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம்.

குறைகளும் உண்டு. முதல் பக்கெட்டில் தூங்கும் பணம் பணவீக்கத்தில் கரைகிறது. "ஏறியிருக்கும் வருடம்" எது என்பதை நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும், எழுதி வைக்காவிட்டால் மனம் மாறிக்கொண்டே இருக்கும். கணக்காகப் பார்த்தால் இது ரீபேலன்ஸ் (பங்கும் கடன் பத்திரமும் பழைய விகிதத்துக்கே வரும்படி அவ்வப்போது விற்று வாங்குவது) செய்வதிலிருந்து பெரிதாக மாறுபட்டதல்ல என்று விமர்சிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் சந்தை விழும்போது விற்காமல் இருக்க மனதுக்கு ஒரு பிடி வேண்டும். அதை இந்த முறை தருகிறது.

இன்னும் சேமிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. சம்பளம் வந்த அன்றே முதலீடு தானாகப் போகட்டும், அப்புறம் கட்டணத்தைப் பாருங்கள். 30 வருடத்தில் 7% வளர்ச்சி பணத்தை 7.6 மடங்காக்கும். 1% கட்டணம் போய் 6% என்றால் 5.7 மடங்குதான். கடைசித் தொகையில் கால்வாசி போய்விடுகிறது.

வயது ஏற ஏற வருடாவருடம் கணக்குப் பார்த்து முடிவெடுப்பது சிரமமாகும். அதனால் அடிப்படைச் செலவுக்கு ஈடாக ஒரு பகுதியை ஆயுள் முழுக்க வருமானம் தரும் ஆன்யுட்டியாக மாற்ற இருக்கிறோம். எங்கள் இருவரில் யார் பிறகு இருந்தாலும் வருமானம் தொடரும் வகைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம்.